சுகரும் கண்ணும் ரத்தக்குழாயும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன மாசம் சர்க்கரை நோயால விழித்திரை (ரெட்டினா) கெட்டுப்போறதை, அதாவது ரெட்டினோபதியைப் பத்தி இந்தப் பகுதியில எழுதினதுக்கு வந்த லெட்டர்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கீங்க, கண்ணுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு. அதனால இந்தத் தடவை அது மட்டும்தான். கேட்டராக்ட் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: எனக்கு 54 வயசு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. கண்ணாடி பவர் மாத்தத்தான் போனேன். சொட்டு மருந்து விட்டு உள்ள பாத்துட்டு "ஆரம்பக்கட்ட ரெட்டினோபதி, இப்போதைக்கு ட்ரீட்மென்ட் எதுவும் வேண்டாம்"னு சொன்ன டாக்டர், அடுத்த நிமிஷமே ஈசிஜி எப்ப எடுத்தீங்க, யூரின்ல புரோட்டீன் பாத்தீங்களா, கொலஸ்ட்ரால் எவ்ளோ, சிகரெட் உண்டான்னு அடுக்கிட்டே போறார். கண்ணைக் காட்டப் போனா நெஞ்சை செக் பண்ணச் சொல்றாங்க. பார்வை எனக்கு நல்லாத்தான் இருக்கு. இது கமிஷன் வேலையா டாக்டர்?

பதில்: கோவம் புரியுது சார், ஆனா அந்த டாக்டர் கேட்டது அத்தனையும் சரி, சொல்லப்போனா இதைக் கேக்காம "ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிடுறவங்கதான் அதிகம்.

உடம்புல ரத்தக்குழாயை வெட்டாம, ஊசி குத்தாம, அது இருக்கிறபடியே நேரா பாக்க முடியிற இடம் கண்ணோட விழித்திரை ஒண்ணுதான். 1851-ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பாக்குற கருவியைக் கொண்டு வந்ததுல இருந்து டாக்டர்களுக்கு இந்த வசதி இருக்கு. நீங்க கண்ணாடிக்காக போனீங்க, அவர் உங்க ரத்தக்குழாயைப் பாத்துட்டார், அவ்ளோதான் விஷயம்.

அவர் என்ன பாத்திருப்பார்னு சொல்றேன். விழித்திரையில இருக்கிற நுண்குழாய் ஒவ்வொண்ணையும் வெளியில இருந்து பெரிசைட்னு ஒரு செல் அணைச்சுப் பிடிச்சிட்டு இருக்கும், குழாய் புடைக்காம தாங்குறது அதுதான். வருஷக்கணக்கா ரத்தத்துல சுகர் கூடவே இருந்தா முதல்ல சாகுற செல்கள்ல இது ஒண்ணு. பிடிமானம் போன இடத்துல குழாய், சைக்கிள் ட்யூப்ல தேஞ்சுபோன இடம் புடைச்சுக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி குட்டியா புடைக்கும். லென்ஸ் வழியா பாத்தா குண்டூசி நுனி அளவுக்கு சிவப்புப் புள்ளி, மைக்ரோ அனியூரிசம்னு சொல்லுவோம். அது கசிஞ்சா பக்கத்துல மஞ்சளா கொழுப்புப் படிவு உக்காரும், உடைஞ்சா ரத்தத் திட்டு. இதெல்லாம் பார்வையோட நடுமையத்துல இல்லாத வரைக்கும் நீங்க கடைசி வரி வரைக்கும் படிச்சிடுவீங்க, அதனால "பார்வை நல்லாருக்கு"ங்கிறதை வெச்சு ரெட்டினா நல்லாருக்குன்னு சொல்லவே முடியாது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கூடுதல் சுகர் இந்த நுண்குழாயை மட்டும் தேடிப் போய் கெடுக்கிறது இல்ல. ரத்தக்குழாய் எல்லாத்துக்கும் உள்பக்கம் எண்டோதீலியம்னு ஒரே ஒரு செல் கனத்துல ஒரு வரிசை இருக்கு, அது கண்ணுல இருக்கிற மயிரிழைக் குழாய்லயும் இருக்கு, இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற கரோனரி தமனியிலயும் இருக்கு, கழுத்துல மூளைக்கு ஏறுற தமனியிலயும் இருக்கு. குழாயை விரிய வைக்கிற நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்குறது அதோட வேலை. சுகர் கூடுதலா, பிரஷர் கூடுதலா, கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலா, போதாததுக்கு சிகரெட்டும்னா அந்த வரிசை எல்லா இடத்துலயும் கெட ஆரம்பிக்கும். கண்ணுல அது கசிவாவும் புள்ளியாவும் தெரியுது, பெரிய தமனியில கொழுப்பு உள்ள நுழைஞ்சு சுவர் தடிச்சு அடைப்பா மாறுது. இன்னொரு விஷயம், பெரிய தமனியோட சுவருக்கே ரத்தம் குடுக்க அதோட வெளிச்சுவர்ல குட்டிக் குட்டிக் குழாய்கள் இருக்கு, சின்னக் குழாய் கெடுறதும் பெரிய குழாய் கெடுறதும் தனித்தனி நோய்னு கோடு போட்டுப் பிரிக்கிறது கஷ்டம்ங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2011-ல பல ஆய்வுகளை ஒண்ணு சேத்து பாத்தப்ப, டைப் 2 சுகர் (பெரியவங்களுக்குப் பொதுவா வர்ற வகை) இருக்கிறவங்கள்ல ரெட்டினோபதி எந்தக் கட்டத்துல இருந்தாலும் சரி, இதய நோய் சம்பந்தமான பிரச்சனையோ மரணமோ வர்ற வாய்ப்பு ரெட்டினோபதி இல்லாதவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. பிரஷர், கொலஸ்ட்ரால் மாதிரி வழக்கமான காரணங்களைக் கழிச்சுட்டுப் பாத்தப்பவும் அந்த வித்தியாசம் குறைஞ்சுதே தவிர காணாமப் போகல. இதைத் தெரிஞ்ச டாக்டர் ஈசிஜி எப்ப எடுத்தீங்கன்னு கேக்காம இருந்தாத்தான் தப்பு.

கமிஷன் சந்தேகத்துக்கும் பதில் சொல்லிடுறேன், ஏன்னா அது முழுக்க அநியாயமான சந்தேகம்னு என்னால சொல்ல முடியாது. பிரஷர், மூணு மாச சராசரி சுகர் (HbA1c), கொலஸ்ட்ரால், யூரின்ல மைக்ரோ அல்புமின்ங்கிற புரோட்டீன், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின், ஒரு ஈசிஜி, காலைத் தொட்டு நாடி பாக்குறது, இது வரைக்கும் யார் சொன்னாலும் பண்ணிக்கோங்க. நெஞ்சு வலியோ, நடந்தா மூச்சு வாங்குறதோ எதுவுமே இல்லாதப்ப, கண்ணுல ரெண்டு புள்ளி இருக்குன்னு நேரா ஆஞ்சியோவுக்குக் கூப்பிட்டா ஏன்னு கேளுங்க. அறிகுறி இல்லாத சுகர் பேஷன்ட்களை இதய ஸ்கேன் போட்டுத் தேடிப் பாத்த டிஐஏடி ஆய்வோட முடிவு 2009-ல வந்துச்சு, ஸ்கேன் எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் மாரடைப்பு விஷயத்துல பெருசா வித்தியாசம் இல்ல. அதே சமயம் ஒண்ணை மறக்காதீங்க, சுகர்ல நரம்பு மரத்துப் போறதால மாரடைப்பே வலி இல்லாம வரலாம். காரணம் இல்லாம வேர்க்குது, மாடி ஏறினா முன்ன இல்லாத அளவுக்கு இரைக்குதுன்னா அது அறிகுறிதான், அப்ப கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

கேள்வி: என் ரெட்டினா ரிப்போர்ட் "நார்மல்"னு வந்திருக்கு. அப்போ என் இதயக் குழாயும் சுத்தமா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்க முடியாது. கண்ணுல இருந்தா மத்த இடத்துலயும் இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லலாம், அதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது. சுகர்னு தெரிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகாம, கண்ணு பளிங்கு மாதிரி இருக்க, ஸ்டென்ட் வெச்சுட்டு வர்றவங்களை நிறையவே பாக்குறோம், ஏன்னா பெரிய தமனி அடைப்புல கொலஸ்ட்ரால், புகை, குடும்ப வரலாறு எல்லாம் சுகர் வர்றதுக்கு முன்னாலயே வேலையை ஆரம்பிச்சிருக்கும். ரிப்போர்ட் நல்லா வந்ததுக்கு சந்தோஷப்படுங்க, மாத்திரையை விட்டுடாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, 18 வருஷமா சுகர். இடது கண்ணுல ரெட்டினோபதி அதிகம், வலது கண்ணுல ரொம்பக் கம்மின்னு சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாளா இடது கண்ணுல மட்டும் திடீர்னு மேல இருந்து திரை இறங்கின மாதிரி இருட்டாகி, அஞ்சு நிமிஷத்துல தானா சரியாயிடுதாம். ரெண்டு தடவை ஆச்சு. சுகர் கண்ணுல இதெல்லாம் சகஜம்னு விட்டுடலாமா?

பதில்: விடக்கூடாதும்மா. இந்த லெட்டர் வந்த அன்னிக்கே உங்களுக்குத் தனியா பதில் அனுப்பிட்டோம், மத்தவங்களுக்கும் தெரியணும்னுதான் இங்க போடுறேன்.

கண்ணுக்கு ரத்தம் போற தமனி, கழுத்துல மூளைக்குப் போற கரோட்டிட் தமனியில இருந்துதான் பிரியுது, அந்த உள் கரோட்டிட் மண்டைக்குள்ள போனதும் விடுற முதல் பெரிய கிளையே கண்ணுக்குத்தான். கழுத்துத் தமனியில படிஞ்ச கொழுப்புல இருந்து ஒரு துணுக்கு கழண்டு மேல போனா, முதல் வழியிலயே திரும்பி கண்ணுக்குள்ள மாட்டும், பார்வை இருட்டாகும், துணுக்கு கரைஞ்சோ நகந்தோ போனா வெளிச்சம் திரும்ப வரும். அடுத்த துணுக்கு கண்ணுக்குத் திரும்பாம நேரா மூளைக்குப் போச்சுன்னா அதுக்குப் பேர் பக்கவாதம். திரை இறங்கி ஏறுறதை நாங்க கண்ணு நோயா பாக்குறதே இல்ல, பக்கவாதத்துக்கு முன்னால வர்ற எச்சரிக்கையாத்தான் பாக்குறோம், அதனால அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போகணும், "தானா சரியாயிடுச்சே"ன்னு வீட்ல இருக்கக் கூடாது. சுகர்ல கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சா வர்ற மறைப்பு வேற, அது கருப்பு நூல் மாதிரி மிதக்கும், அஞ்சு நிமிஷத்துல காணாமப் போகாது.

இன்னொண்ணு நீங்க சரியா கவனிச்சு எழுதியிருக்கீங்க, ஒரு கண்ணுல அதிகம் ஒரு கண்ணுல கம்மின்னு. சுகர் ரெண்டு கண்ணுக்கும் ஒரே ரத்தத்துலதான் போகுது, அப்படி இருக்க ஒரு பக்கம் மட்டும் தூக்கலா இருந்தா அந்தப் பக்கத்துக் கழுத்துத் தமனியை, ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஒரு டாப்ளர் ஸ்கேன்ல பாத்துடுறதுதான் வழக்கம். அடைப்பு 90 சதவீதத்தைத் தாண்டுற அளவுக்குப் போனா கண்ணே ரத்தம் இல்லாம தவிக்கும், அது சாதாரண ரெட்டினோபதி மாதிரியே வேஷம் போடும், லேசர் மட்டும் வெச்சா தீராது. அடைப்பு 70 சதவீதத்துக்கு மேல இருந்து இந்த மாதிரி அறிகுறியும் இருந்தா, தமனியைத் திறந்து கொழுப்பை எடுக்கிற ஆபரேஷனால எவ்வளவு லாபம்னு 1991-லயே ஒரு பெரிய ஆய்வு காட்டியாச்சு, மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ரெண்டு வருஷத்துல 26 சதவீதம் பேருக்கு அந்தப் பக்கப் பக்கவாதம் வந்துச்சு, ஆபரேஷன் பண்ணினவங்கள்ல 9 சதவீதம். அந்த லாபமும் சீக்கிரமா பண்ணினாத்தான், அறிகுறி வந்து ரெண்டு வாரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது.

கேள்வி: எனக்கு ஸ்டென்ட் இருக்கு, ஆஸ்பிரின் சாப்பிடுறேன். இப்ப கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு இருக்குன்னு சொல்றாங்க. ரத்தத்தை இளக்குற மாத்திரையாலதானே கசியுது? நானே நிறுத்திட்டா என்ன?

பதில்: தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க! இந்தப் பயம் டாக்டர்களுக்கே ஒரு காலத்துல இருந்துச்சு, அதுக்குத்தான் ஈடிடிஆர்எஸ்னு ஒரு ஆய்வுல 3,711 பேரை எடுத்து பாதிப் பேருக்கு தினமும் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் குடுத்துப் பாத்தாங்க, இன்னிக்கு இதயத்துக்குக் குடுக்கிற 75 மில்லிகிராமோட ஒப்பிட்டா எட்டு மடங்குக்கு மேல. 1991-ல முடிவு வந்தப்ப ஆஸ்பிரினால கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு கூடவும் இல்ல, ரெட்டினோபதி குறையவும் இல்ல. உங்க கண்ணுல கசியிறதுக்குக் காரணம் அங்க புதுசா முளைச்ச பலவீனமான குழாய்கள், அதுக்கு வைத்தியம் லேசரும் ஊசியும். ஸ்டென்ட் இருக்கிறவங்க ஆஸ்பிரினைத் தானா நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சுக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரினோட இன்னொரு ரத்தம் இளக்குற மாத்திரையும் சேத்து சாப்பிடுறீங்கன்னா கண் டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க, அவரும் இதய டாக்டரும் பேசி முடிவு பண்ணிப்பாங்க.

கேள்வி: சுகருக்கு வாரத்துக்கு ஒரு ஊசி ஆரம்பிச்சு ஆறே மாசத்துல மூணு மாச சுகர் 11-ல இருந்து 6.8-க்கு வந்துடுச்சு, எடையும் குறைஞ்சுது, எல்லாரும் பாராட்டினாங்க. ஆனா கண்ணு செக்கப்ல முன்னைவிட மோசம்ங்கிறாங்க! இது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இல்லதான், ஆனா இது நடக்கும். வருஷக்கணக்கா உச்சத்துல இருந்த சுகரை வேகமா இறக்கினா, ஏற்கனவே அடி வாங்கியிருக்கிற விழித்திரை கொஞ்ச காலத்துக்கு இன்னும் மோசமாகுறது 1993-ல வந்த டிசிசிடி ஆய்வுலயே தெரிஞ்சுது. சுகரை இறுக்கிப் பிடிச்சவங்கள்ல முதல் வருஷத்துக்குள்ள 13 சதவீதம் பேருக்கு இப்படி ஆச்சு, சாதாரண வைத்தியத்துல இருந்தவங்கள்ல 7.6 சதவீதம். ஆனா ஆய்வு முடியறப்ப கதை தலைகீழ், இறுக்கிப் பிடிச்சவங்களுக்குப் புதுசா ரெட்டினோபதி வர்றது 76 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அதே ஆளுங்களை விடாம பின்தொடர்ந்து 2005-ல கணக்குப் பாத்தா இதய நோய், பக்கவாதம் எல்லாம் சேத்து 42 சதவீதம் குறைவு. அவங்க எல்லாரும் டைப் 1 (உடம்புல இன்சுலினே சுரக்காத வகை) ஆளுங்கதான், இருந்தாலும் சுகரைப் பிடிச்சா கண்ணும் தமனியும் சேந்து பிழைக்கும்ங்கிறதுக்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியல.

நீங்க போடுறது செமாக்ளூடைடா இருக்கலாம், பேர் எழுதல. அந்த மருந்தை வெச்சு 2016-ல வந்த ஒரு ஆய்வுல மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூணும் சேத்து 26 சதவீதம் குறைஞ்சுது, ஆனா கண்ணுல பெரிய சிக்கல் வந்தவங்க 3 சதவீதம், டம்மி ஊசி போட்டவங்கள்ல 1.8. சுகர் வேகமா இறங்கினதுதான் இதுக்குப் பெரும்பாலும் காரணம்னு பாத்தாங்க. அதனால ஊசியைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த ஒரு வருஷத்துக்கு கண் டாக்டர் சொல்ற இடைவெளியில, அது மூணு மாசமானாலும் சரி, தவறாம காட்டுங்க. இனிமே இதை ஆரம்பிக்கப் போறவங்களுக்கு, முதல்ல ரெட்டினாவைக் காட்டிட்டு ஆரம்பிங்க.

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரை கண்ணுக்கும் நல்லதாமே?

பதில்: எந்த மாத்திரைங்கிறதைப் பொறுத்து. ஸ்டேட்டின் இதயத்துக்காகக் குடுக்கிறது, அதுல அதோட பலன் பத்தி சந்தேகமே இல்ல, ரெட்டினோபதிக்கு அதே உறுதியோட சொல்ல முடியாது. வேடிக்கை என்னன்னா ஃபீனோஃபைப்ரேட்னு இன்னொரு மாத்திரை, இதயத்துக்குன்னு சோதிச்சப்ப எதிர்பார்த்த பலன் வரல, ஆனா கண்ணுல வேலை செஞ்சுது. ஃபீல்டு ஆய்வுல லேசர் தேவைப்பட்டவங்க 31 சதவீதம் குறைஞ்சாங்க, 2010-ல அக்கார்டு ஆய்வுல ரெட்டினோபதி முத்தினவங்க 10.2-ல இருந்து 6.5 சதவீதமா இறங்கினாங்க, 2024-ல ஸ்காட்லாந்துல இதுக்குன்னே பண்ணின லென்ஸ் ஆய்வுலயும் 27 சதவீதம் குறைவு. ரத்தத்துல கொழுப்பு எவ்வளவு குறைஞ்சுதுங்கிறதை வெச்சு இந்தப் பலனை விளக்க முடியல, மருந்து வேற வழியில விழித்திரையில வேலை செய்யுது போல. கிட்னி பலவீனமா இருந்தா இது ஒத்துக்காது, கிரியேட்டினின் ஏறும், அதனால நீங்களா வாங்கிப் போடுற மாத்திரை இல்ல, ஆனா ஆரம்பக்கட்ட ரெட்டினோபதி இருந்தா டாக்டர்கிட்ட பேர் சொல்லிக் கேக்கலாம், தப்பில்ல.

என்னைக் கேட்டா மாத்திரைகள்ல கண்ணு, தமனி ரெண்டுக்கும் சேத்து நல்லது செய்றது பிரஷர் மாத்திரைதான், அதைத்தான் ஜனங்க முதல்ல மறக்குறாங்க. 1998-ல வந்த யூகேபிடிஎஸ் ஆய்வுல சராசரி பிரஷரை 154/87-க்கு பதிலா 144/82-ல வெச்சிருந்தாங்க, மேல் அளவுல பத்து பாயிண்ட்தான் வித்தியாசம், அதுக்கே ரெட்டினோபதி முத்துறது 34 சதவீதமும் பக்கவாதம் 44 சதவீதமும் குறைஞ்சுது. இப்ப 130/80-க்குக் கீழ இருக்கணும்ங்கிறோம்.

கேள்வி: போன மாசம் அப்பாவுக்கு பக்கவாதம் வந்துச்சு. அவருக்கு ரெட்டினா வீக்கத்துக்கு கண்ணுல ஊசி போடுற தேதி நெருங்குது, போடலாமா?

பதில்: கண் டாக்டருக்கு பக்கவாதம் வந்த விஷயம் தெரியுமா? தெரியாதுன்னா இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. அந்த ஊசி புதுக்குழாய் முளைக்க வைக்கிற விஇஜிஎஃப்-ங்கிற புரோட்டீனை அடக்குறது, கண்ணுக்குள்ள போட்டாலும் துளி அளவு ரத்தத்துக்குப் போகும். அதனால பக்கவாதம் கூடும்னு உறுதியா நிரூபணம் இல்லன்னாலும், புதுசா பக்கவாதமோ மாரடைப்போ வந்தவங்களுக்கு கொஞ்ச நாள் தள்ளிப் போடுவோம், இல்ல வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசிக்கு மாறுவோம். கண்ணோட அவசரத்தைப் பாத்து அவங்க சொல்லட்டும்.

கேள்வி: ரெட்டினா போட்டோவைப் பாத்தே மாரடைப்பு வருமான்னு கம்ப்யூட்டர் சொல்லிடுமாம், உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2018-ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல எடுத்த விழித்திரைப் படங்களைக் குடுத்து கம்ப்யூட்டரைப் பழக்கினாங்க, அது படத்தை வெச்சே வயசை சராசரியா மூணேகால் வருஷ வித்தியாசத்துல சொல்லுச்சு, ஆணா பொண்ணான்னும் கிட்டத்தட்ட சரியா சொல்லுச்சு, அது எங்க யாருக்கும் படத்தைப் பாத்து சொல்ல வராத விஷயம்! இதய நோய் வருமான்னு கணிக்கிறதுல மட்டும் சுமார், வயசு பிரஷர் புகை எல்லாம் போட்டு நாங்க கணக்கு போடுற பழைய முறை அளவுக்குத்தான் வந்துச்சு. ரெட்டினோபதி இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிறதுல கம்ப்யூட்டர் நல்லாவே வேலை செய்யுது, அதே 2018-ல அமெரிக்காவுல டாக்டர் பாக்காமலே ரிசல்ட் சொல்ற ஒரு கருவிக்கு அனுமதியும் குடுத்தாங்க. மாரடைப்பு ஜோசியத்துக்குன்னு யாராவது போட்டோ எடுக்கக் கூப்பிட்டா போகாதீங்க.

கேள்வி: கண்ணுல லேசர் முடிஞ்சுது. இப்ப கொஞ்ச தூரம் நடந்தா ஆடுதசை பிடிச்சு இழுக்குது, நின்னா சரியாகுது. கால்ல பிரஷர் பாக்குற டெஸ்ட் எடுத்து 1.5, நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க. ஆனா வலி போகல.

பதில்: 1.5 நல்ல நம்பர் இல்ல சார். கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்து வர்றது அது, 0.9-ம் அதுக்குக் கீழயும்னா கால் தமனியில அடைப்பு, 1.4-க்கு மேலன்னா சுண்ணாம்பு படிஞ்சு தமனி இறுகிப்போய் பிரஷர் பட்டையால அமுக்கவே முடியலன்னு அர்த்தம், ரொம்ப நாள் சுகர்ல இது அடிக்கடி வரும், உள்ள அடைப்பு இருந்தாலும் நம்பர் அதை மறைச்சிடும். கால் கட்டைவிரல்ல பிரஷர் எடுக்கச் சொல்லுங்க, விரல் குழாய்கள் அவ்வளவா இறுகாது, கூடவே கால் டாப்ளரும். ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட காட்டுங்க, கண் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. பாதத்துல சின்னப் புண் இருந்தாக்கூட காத்திருக்காதீங்க.

கேள்வி: ரெட்டினா பாக்க சொட்டு போட்டா உடனே வண்டி ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது, நாலஞ்சு மணி நேரம் கிட்டத்துல எழுத்து மங்கும், வெயில் கூசும். கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. மஞ்சள் சாயம் ஏத்தி கண்ணுக்கு ஆஞ்சியோ எடுத்தா மறுநாள் வரைக்கும் யூரின் மஞ்சளா ஆரஞ்சா போகும், பயந்து எனக்கு லெட்டர் போட வேண்டாம்.